அந்தக் கருநீலத் திட்டு ஏரியா, மேக நிழலா?

வாசகர் கேள்வி - பதில்

நம்மைச் சுற்றியுள்ள நீர், காடு, காற்று எல்லாவற்றையும் கட்டற்ற மென்பொருளையும் திறந்த தரவையும் வைத்து நாமே வரைபடமாக்கலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு நிறையக் கடிதங்கள் வந்தன. சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பதினைந்து வருடங்களாக இந்த வேலையில் இருக்கிறேன். நீங்கள் கேட்டிருப்பவற்றில் பாதியை நானும் ஒரு காலத்தில் யாரிடமாவது போய்க் கேட்டிருக்கிறேன்.

கேள்வி: பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள ஏரி முப்பது வருடங்களில் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று மாணவர்களுக்கு வரைபடமாகக் காட்ட ஆசை. மென்பொருள் வாங்கப் பணம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது? - ஒரு பள்ளி ஆசிரியர்

பதில்: பணம் வேண்டாம். சுமாரான கணினி ஒன்று, இணையம், நான்கைந்து மாலைப்பொழுதுகள் போதும்.

மென்பொருளுக்கு கியூஜிஐஎஸ் என்ற கட்டற்ற வரைபட மென்பொருள். 2002இல் கேரி ஷெர்மன் தொடங்கிவைத்தது. இன்று பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். பதிவிறக்கும் பக்கத்தில் இரண்டு பதிப்புகள் இருக்கும். நீண்டகால ஆதரவு உள்ளதை எடுங்கள். அது அடிக்கடி மாறாது. பிள்ளைகளுக்குச் சொல்லித்தர அதுதான் வசதி.

படத்துக்கு லேண்ட்சாட், அதாவது பூமியைப் படம் எடுக்கும் அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசை. முதல் லேண்ட்சாட் 1972 ஜூலையில் ஏவப்பட்டது. முன்பெல்லாம் அதன் படங்களைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். 2008இல் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் மொத்தக் கிடங்கையும் இலவசமாகத் திறந்துவிட்டது. இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய கொடை எதுவும் இல்லை. உங்கள் வேலைக்கு 1984இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 5இல் தொடங்கி இன்றைய லேண்ட்சாட் 9 வரை எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றிலும் ஒரு பிக்சல் தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். லேண்ட்சாட் 7ஐ மட்டும் பார்த்து எடுங்கள். 2003 மே 31 அன்று அதன் கருவியில் ஒரு பாகம் பழுதாகிவிட்டது. அதன் பிறகு வந்த படங்களில் கோடு கோடாக வெற்றிடம் இருக்கும்.

கணக்கு சுலபம். தண்ணீர் பச்சை ஒளியை ஓரளவு திருப்பி அனுப்பும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைக் கிட்டத்தட்ட முழுவதும் விழுங்கிவிடும். பச்சையிலிருந்து அகச்சிவப்பைக் கழியுங்கள். இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். விடை பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் பெரும்பாலும் தண்ணீர். ஒவ்வொரு நிற ஒளிக்கும் தனிப் படம் வரும், அதற்குப் பெயர் பட்டை. லேண்ட்சாட் 5, 7 இரண்டிலும் பச்சை 2ஆம் பட்டை, அகச்சிவப்பு 4ஆம் பட்டை. 8, 9 இரண்டிலும் அவை 3, 5. பழைய படத்துக்கு எழுதிய சூத்திரத்தை அப்படியே புதுப் படத்துக்குப் போட்டால் விடை வரும், ஆனால் தப்பான விடை. கணினி எந்த எச்சரிக்கையும் தராது.

விடையாக வந்த படத்தை வைத்துக்கொண்டு உடனே எண்ணத் தொடங்காதீர்கள். மேகத்தின் நிழலும் இந்தக் கணக்கில் சில நேரம் தண்ணீராகிவிடும். வண்ணப் படத்தில் கருநீலத் திட்டாகத் தெரிவது ஏரியா நிழலா என்று சந்தேகம் வந்தால் பக்கத்தில் அதே வடிவத்தில் மேகம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒவ்வொரு நிழலும் தன் மேகத்திலிருந்து ஒரே திசையில் தள்ளி விழுந்திருக்கும். மேகமும் நிழலும் எங்கே என்று குறிக்கும் தனி அடுக்கு லேண்ட்சாட் படத்தோடேயே வருகிறது. அதையும் சேர்த்துப் பதிவிறக்குங்கள். ஆகாயத்தாமரை மூடிய ஏரி என்றால் சிக்கல் நேர்மாறானது: தண்ணீர் இருக்கும், படம் அதைச் செடி என்று சொல்லும்.

அப்புறம், மாதம். நான் முதன்முதலில் செய்த ஏரி வரைபடத்தில் பதினெட்டு வருட இடைவெளியில் ஏரி பாதியாகக் குறைந்திருந்தது. அதைப் பெரிதாக அச்சடித்து ஏரிக்கரையில் ஒரு கூட்டத்தில் வைத்தேன். அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து ரொம்ப நேரம் பார்த்தார். “இது எந்த மாசத்துப் படம்மா?” என்று கேட்டார். பழைய படம் மழை முடிந்த கையோடு எடுத்தது. புதியது நல்ல வெயில் காலத்தில் எடுத்தது. எனக்கு மேகமில்லாமல் கிடைத்தவை அவை இரண்டுதான். அவர் கேட்ட பிறகுதான் அதில் உள்ள தப்பு எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்து ஒரே மாதத்துப் படங்களாக வருடத்துக்கு ஒன்று எடுத்து, மழையளவையும் பக்கத்தில் வைத்துத் திரும்பச் செய்தேன். ஏரி சுருங்கியிருந்தது உண்மைதான். ஆனால் பாதி இல்லை, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

அதனால் இரண்டு படங்களை மட்டும் வைத்து முடிவு சொல்ல வேண்டாம். வருடத்துக்கு ஒரு படம், ஒரே மாதம், முப்பது படங்கள். மாணவர்களுக்கு ஆளுக்கு ஒரு வருடம் கொடுத்துவிடுங்கள். கடைசியில் உங்கள் முடிவை ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் வெளியிட்டிருக்கும் உலக நீர்ப்பரப்பு வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். 1984 முதலான லேண்ட்சாட் படங்களை அலசி, எந்த இடத்தில் எவ்வளவு காலம் தண்ணீர் நின்றது என்று அதில் குறித்திருக்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில் பாடம் எடுக்க நிறைய விஷயம் கிடைக்கும்.

கேள்வி: வெள்ளம் வரும்போதெல்லாம் வானம் முழுக்க மேகம். செயற்கைக்கோள் படத்தில் வெள்ளைப் பஞ்சு மட்டும்தான் தெரிகிறது. வேறு வழி உண்டா? - ஒரு மீட்புப் பணித் தன்னார்வலர்

பதில்: உண்டு, ரேடார். ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் திட்டத்தில் சென்டினல் 1 வரிசையின் முதல் செயற்கைக்கோள் 2014 ஏப்ரலில் மேலே போனது. அது அனுப்பும் அலை மேகத்தைக் கடந்து போய்த் தரையில் பட்டுத் திரும்பும். இரவு பகல் என்ற வித்தியாசமும் கிடையாது. படம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதைப் பக்குவப்படுத்த ஐரோப்பிய விண்வெளி முகமையே ‘ஸ்நாப்’ என்ற கட்டற்ற மென்பொருளைத் தருகிறது.

அமைதியான நீர்ப்பரப்பு கண்ணாடிபோல அலையை வேறு பக்கம் திருப்பிவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். வெள்ளத்துக்கு முன் எடுத்த படத்தையும் பின் எடுத்ததையும் அடுத்தடுத்து வைத்தால் புதிதாகக் கறுத்த இடம் வெள்ளம். இரண்டு படங்களும் ஒரே பாதையில், ஒரே திசையில் செயற்கைக்கோள் போகும்போது எடுத்தவையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோணம் மாறி மலைச்சரிவெல்லாம் வெள்ளமாகக் காட்டும்.

ஒன்றைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் வேலை உயிர் சம்பந்தப்பட்டது. காற்றில் அலையடிக்கும் நீர் கறுப்பாகத் தெரியாது. மரங்களுக்கு அடியில் தேங்கிய நீரில் ரேடார் அலை தண்ணீரிலும் அடிமரத்திலும் மாறி மாறிப் பட்டுத் திரும்புவதால், அந்த இடம் முன்பைவிட வெளிச்சமாகவே தெரியலாம். கட்டடங்கள் நெருங்கிய தெருக்களில் இந்த முறை அடிக்கடி தவறும். தண்ணீர் சூழ்ந்த வீட்டைப் படம் ‘காய்ந்த இடம்’ என்று காட்டினால் அந்த வீட்டுக்குப் படகு போகாது. ஆகவே படத்தில் கறுப்பாக இல்லாத இடத்தைப் பாதுகாப்பான இடம் என்று குறிக்காதீர்கள். ‘தெரியவில்லை’ என்று ஒரு தனி நிறம் கொடுங்கள்.

கேள்வி: மேடம், சென்டினல் 2 படங்களை வைத்துத் தாவரப் பசுமைக் குறியீடு கணக்கிட்டேன். 2021 வரை 0.8 இருந்த காடு 2022இல் 0.5க்கு இறங்கிவிட்டது. தீ விபத்து எதுவும் இல்லை. காட்டுக்கு என்ன ஆனது? - முதுகலை மாணவர்

பதில்: காட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதே கேள்வியோடு எனக்கு வருடத்துக்கு நான்கு பேராவது எழுதுகிறார்கள். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சென்டினல் 2 என்பது அதே கோப்பர்நிக்கஸ் திட்டத்தில், ரேடார் இல்லாமல் ஒளியில் படம் எடுக்கும் வரிசை. 2022 ஜனவரி 25 அன்று அதன் படங்களைப் பதப்படுத்தும் முறை மாறியது. அன்றிலிருந்து எல்லாப் பிக்சல் எண்ணோடும் 1000 கூட்டித் தருகிறார்கள். மிக இருண்ட இடங்களில் எண் பூஜ்யத்துக்குக் கீழே போனால் அந்தத் தகவல் அறுபட்டுப் போகக் கூடாது என்பதுதான் காரணம். நாம் பயன்படுத்தும்போது அந்த 1000ஐத் திரும்பக் கழித்துக்கொள்ள வேண்டும்.

கழிக்காவிட்டால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதுதான் பசுமைக் குறியீடு. அடர்ந்த காட்டில் ஒரு பிக்சல்: சிவப்பு 400, அண்மை அகச்சிவப்பு 3600. வித்தியாசம் 3200, கூட்டுத்தொகை 4000, குறியீடு 0.80. இப்போது இரண்டோடும் 1000 கூட்டுங்கள்: 1400, 4600. வித்தியாசம் அதே 3200. கூட்டுத்தொகை மட்டும் 6000 ஆகிவிட்டது. குறியீடு 0.53. உங்கள் காடு ‘அழிந்தது’ இப்படித்தான்.

தேதியை மட்டும் நம்பியும் கழிக்காதீர்கள். பழைய படங்கள் பலவற்றையும் புது முறையில் மறுபடி பதப்படுத்தி வெளியிட்டிருக்கிறார்கள். 2018ஆம் ஆண்டுப் படத்திலேயே அந்த 1000 இருக்கலாம். சில சேவைகள் தாங்களே கழித்துவிட்டுத் தருகின்றன. அங்கே நீங்களும் கழித்தால் இரண்டு முறை கழித்ததாகிவிடும். படத்தோடு வரும் விவரக் கோப்பைத் திறந்து, கூட்டப்பட்ட எண் எவ்வளவு என்ற வரியைப் பாருங்கள். அதில் மைனஸ் 1000 என்று இருந்தால் கழிக்க வேண்டும்.

இன்னொரு யோசனை. எந்தக் காலத்தொடரிலும் மாறாத ஓர் இடத்தை, பெரிய வெற்றுப் பாறை, பழைய ஓடுதளம் மாதிரி ஒன்றை, கூடவே வைத்துக்கொள்ளுங்கள். பாறையிலும் அதே நாளில் திடீர் மாற்றம் தெரிந்தால் கோளாறு தரவில் இருக்கிறது, நிலத்தில் இல்லை.

கேள்வி: இணையத்தில் எல்லா வரைபடமும் இலவசமாகத்தானே பார்க்கக் கிடைக்கிறது? ‘கட்டற்றது’ என்று தனியாக என்ன இருக்கிறது? - ஒரு வாசகர்

பதில்: பார்க்க விடுவது வேறு, எடுத்துப் பயன்படுத்த விடுவது வேறு. கூகுள் மேப்பின் வான்படத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதைப் பார்த்து, தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் குளம் வரைய அனுமதி இல்லை. செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே அலச உதவும் கூகுளின் எர்த் எஞ்சின் ஆராய்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் இலவசம். நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது கட்டற்ற மென்பொருள் அல்ல. உள்ளே என்ன நடக்கிறது என்று திறந்து பார்க்க முடியாது.

2004இல் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கலாம். யார் தந்தது என்று சொல்ல வேண்டும். அந்தத் தரவோடு நீங்கள் சேர்த்து உருவாக்கிய தரவுத்தளத்தை வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் திறந்துவைக்க வேண்டும். சென்டினல் படத்தில் வேலை செய்தால் ‘மாற்றம் செய்யப்பட்ட கோப்பர்நிக்கஸ் சென்டினல் தரவு’ என்று ஆண்டோடு குறிப்பிட வேண்டும். ஒரு வரிதான்.

உரிமத்தை வேலை தொடங்கும் முன்பே படித்துவிடுங்கள். நானும் இரண்டு நண்பர்களும் மூன்று மாதம் உட்கார்ந்து ஓர் ஆற்றுப்படுகையின் கழிவுநீர் வாய்களைக் குறித்தோம். அடியில் போட்டிருந்த எல்லைக்கோடு ஓர் அமைப்பிடமிருந்து வந்தது, ‘உள் பயன்பாட்டுக்கு மட்டும்’. வெளியிடும் நாளில்தான் கவனித்தோம். எல்லாவற்றையும் புது எல்லைக்கோட்டின் மேல் திரும்ப வரைந்தோம்.

கேள்வி: களத்துக்குக் கைபேசி போதுமா? தனி ஜிபிஎஸ் கருவி வேண்டுமா?

பதில்: போதும். திறந்த வெளியில் கைபேசி ஏறக்குறைய 5 மீட்டருக்குள் சரியாகச் சொல்லிவிடும். மரங்களுக்கு அடியிலும் உயரமான சுவர்களுக்கு நடுவிலும் பிழை கூடும். அங்கே ஒரு நிமிடம் நின்று, திரையில் தெரியும் பிழையளவு குறைந்த பிறகு புள்ளியைப் போடுங்கள். அந்தப் பிழையளவையும் அட்டவணையில் ஒரு நெடுவரிசையில் பதிவு செய்யுங்கள். கியூஜிஐஎஸ்ஸில் தயாரித்த திட்டத்தை அப்படியே களத்துக்குக் கொண்டுபோக கியூஃபீல்டு செயலி. படிவம் நிரப்பும் வேலைதான் அதிகம் என்றால் கோபோ டூல்பாக்ஸ். இரண்டும் இணையம் இல்லாத இடத்திலும் வேலை செய்யும்.

கேள்வி: உலக மரப்பரப்பு வரைபடத்தில் எங்கள் பகுதி நல்ல பச்சையாக இருக்கிறது. நேரில் வந்து பார்த்தால் ஒரே இன மரத்தை வரிசையாக நட்ட தோட்டம். பழைய காடு போய்விட்டது. வரைபடம் பொய் சொல்கிறதா? - ஒரு பறவை ஆர்வலர்

பதில்: பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறது. மேரிலாந்து பல்கலைக்கழகக் குழு 2013இல் வெளியிட்ட வரைபடத்தில் ‘மரம்’ என்றால் 5 மீட்டருக்கு மேல் உயர்ந்த தாவரம். காடா, தோட்டமா என்று அது பிரிப்பதில்லை. தோட்டத்தை அறுவடை செய்தாலும் அதில் ‘மரப்பரப்பு இழப்பு’ என்றுதான் விழும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் உலக நிலப்பரப்பு வரைபடமான வேர்ல்டுகவரில் 10 மீட்டர் பிக்சல், 11 நில வகைகள். அங்கேயும் எண்ணெய்ப் பனைத் தோட்டமும் மரப்பரப்புக்குள்தான் வருகிறது. அதன் 2020, 2021 பதிப்புகளைக் கழித்துப் பார்த்து ஒரே வருடத்தில் காடு கூடியது, குறைந்தது என்று எழுதுபவர்களும் உண்டு. இரண்டு பதிப்புகளும் வேறு வேறு முறையில் செய்யப்பட்டவை. வித்தியாசத்தில் எவ்வளவு நிலத்துடையது, எவ்வளவு முறையினுடையது என்று பிரிக்க முடியாது. தயாரித்தவர்களே இதைச் சொல்லித்தான் வெளியிட்டிருக்கிறார்கள்.

இதில் எனக்கு மனவருத்தமான விஷயம் புல்வெளிகள். மரம் இல்லாததால் பல வரைபடங்களில் அவை வெற்றிடம்போலத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு அங்கே மரம் நடப் போகிறார்கள். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கு அதுதான் வீடு. உங்களைப் போலப் பறவை பார்ப்பவர்கள் வரைபடத்துக்குள் வர வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான். பழைய காடு எங்கே முடிகிறது, தோட்டம் எங்கே தொடங்குகிறது, புல்வெளி எது என்று உங்களுக்கு நடந்தே தெரியும். அந்த எல்லைகளை வரைந்து, வகை எழுதி, பார்த்த தேதியோடு வெளியிடுங்கள். உலக வரைபடம் செய்பவர்களுக்கும் பயிற்சிக்கும் சரிபார்ப்புக்கும் அப்படிப்பட்ட தரவுதான் தேவைப்படுகிறது.

கேள்வி: அட்டவணையில் தமிழில் எழுதிய ஊர்ப்பெயர், நீர்நிலைப் பெயரெல்லாம் கோப்பை மறுபடி திறந்தால் கேள்விக்குறிகளாக மாறிவிடுகின்றன. - ஒரு வாசகி

பதில்: ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பு வடிவத்தில் சேமித்திருப்பீர்கள். அது 1990களின் வடிவம். எழுத்துக்குறியாக்கம் எது என்று தனியாகச் சொல்லாவிட்டால் திறக்கும் மென்பொருள் தன் போக்கில் ஊகிக்கும். அதைவிட மோசம், அட்டவணையின் நெடுவரிசைத் தலைப்புக்கு அதில் 10 பைட்தான் இடம். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக்குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும். ‘ஏரி’ என்ற சொல்லில் ஏ, ர, இகரக் குறி என்று மூன்று குறிகள். 9 பைட், நுழைந்துவிடும். ‘குளம்’ என்பதில் ஐந்து குறிகள், 15 பைட். பாதியில் வெட்டுப்படும்.

ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவத்துக்கு மாறிவிடுங்கள். எல்லாம் ஒரே கோப்பில் அடங்கும். தலைப்பும் உள்ளடக்கமும் முழுத் தமிழில் இருக்கலாம். பெயர்களைத் தமிழில் பதிய நீங்கள் மெனக்கெடுவது ரொம்ப நல்ல விஷயம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் ஒவ்வொரு நீர்நிலைக்கும் தமிழ்ப் பெயருக்கென்று தனிக் குறிச்சொல் இருக்கிறது. மக்கள் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே எழுதுங்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தமிழில் மாற்றினால் ளகரம் எது, ழகரம் எது என்று போய்விடும்.

கேள்வி: அரிய பறவை ஒன்றின் கூடுகளைக் குறித்து வைத்திருக்கிறோம். திறந்த தரவு என்றால் அதையும் வெளியிட வேண்டும்தானே?

பதில்: வேண்டாம். தயவுசெய்து வெளியிடாதீர்கள்.

எட்டு வருடங்களுக்கு முன் நான் ஒரு கூடு மரங்களின் அடுக்கை, துல்லியமான புள்ளிகளோடு, பொதுவில் வைத்தேன். திறந்திருப்பதெல்லாம் நல்லது என்று முழுமனதாக நம்பிய காலம் அது. அடுத்த பருவத்தில் அந்த மரங்களின் அடியில் கேமராவோடு ஆட்கள். கிளைகளை ஒடித்து வழி செய்திருந்தார்கள். பதினொரு கூடுகளில் நான்கு கைவிடப்பட்டன. அடுக்கை அன்றே இறக்கிவிட்டேன். பிரதி எடுத்தவர்களிடமிருந்து திரும்ப வாங்க முடியவில்லை. இப்போதும் அந்த மரங்கள் நினைவுக்கு வந்தால் மனம் கனத்துப்போகிறது.

பார்த்த உயிரினங்களை மக்களே பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஆபத்தில் உள்ள இனங்களின் இடத்தைத் தானாகவே 0.2 டிகிரிக் கட்டத்துக்குள் மங்கலாக்கிவிடுகிறார்கள். நிலநடுக்கோட்டில் அது ஏறக்குறைய 22 கிலோமீட்டர் அகலம். அதே வழியை நீங்களும் பின்பற்றலாம்: பொதுவில் பெரிய கட்டம், துல்லியமான புள்ளி பாதுகாப்பவர்கள் கையில் மட்டும். ஒளிப்படத்துக்குள்ளும் ஜிபிஎஸ் எண் ஒளிந்திருக்கும். பகிரும் முன் அதையும் நீக்குங்கள்.

கேள்வி: நாங்களே செய்த காற்றுத்தூசி அளவி பனிமூட்டமான காலையில் பயங்கரமான எண் காட்டுகிறது. உண்மையா?

பதில்: முழுக்க உண்மை இல்லை. மலிவான அளவிகள் ஒளிச்சிதறலை வைத்துத் தூசியை எண்ணுகின்றன. ஈரப்பதம் கூடினால் துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிப் பெருகும். பனித்துளியும் தூசியாக எண்ணப்படும். ஈரப்பதத்தையும் சேர்த்துப் பதிவு செய்து, அது அதிகமாக இருந்த நேரத்தைத் தனியாகக் குறியுங்கள். முடிந்தால் சில வாரங்கள் ஓர் அரசு அளவீட்டு நிலையத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஒரு சதுப்புநிலத்தை வரைந்து, அதை நிரப்ப வேண்டாம் என்று ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். “இலவச மென்பொருளில் செய்தது, ஏற்க முடியாது. எங்கள் பரப்பளவும் உங்களுடையதும் ஒத்துப்போகவில்லை” என்று திருப்பிவிட்டார்கள். - ஒரு குடியிருப்போர் குழு

பதில்: முதல் காரணத்துக்குப் பதில் சுலபம். கிராஸ் என்ற கட்டற்ற மென்பொருளை 1980களில் தொடங்கியதே அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் ஆய்வகம்தான். ஜிடிஏஎல் என்ற கட்டற்ற நிரல்தொகுப்பு விலை கொடுத்து வாங்கும் பல மென்பொருள்களுக்குள்ளேயும் இருந்து படக்கோப்புகளைத் திறந்து கொடுக்கிறது.

இரண்டாவது காரணம் நியாயமானது. அதைக் கோபமில்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் பரப்பளவை எந்த வரைபட வீழ்ப்பில், அதாவது உருண்டையான பூமியைத் தட்டையாக்கும் எந்த முறையில் கணக்கிட்டீர்கள் என்று பாருங்கள். இணைய வரைபடங்களின் வெப் மெர்கேட்டரில் அளந்திருந்தால் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகப் பரப்பு ஊதிப்போகும்: 45 டிகிரியில் இரண்டு மடங்கு, 60 டிகிரியில் நான்கு மடங்கு. யூடிஎம் என்ற வீழ்ப்பு உலகை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. அதில் உங்கள் இடத்துக்கான மண்டலத்தில் திரும்ப அளந்துபாருங்கள். பிறகு, அவர்கள் எந்த மாதத்துப் படத்தை வைத்து எல்லை போட்டார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சதுப்புநிலத்தின் ஓரம் மாதத்துக்கு மாதம் நகரும்.

அடுத்து, உங்கள் வரைபடம் எவ்வளவு சரி என்று நீங்களே சோதித்து அந்த அட்டவணையை மனுவோடு வையுங்கள். வரைபடத்தில் ‘சதுப்பு’ என்றுள்ள இடங்களில் ஐம்பது புள்ளிகள், ‘சதுப்பு அல்ல’ என்றுள்ள இடங்களில் ஐம்பது. எல்லாம் கணினி குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்தவையாக இருக்க வேண்டும். போக வசதியான இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் நடந்துபோய்ப் பாருங்கள். முதல் ஐம்பதில் 41தான் உண்மையிலேயே சதுப்பு என்று வந்தால் 41 என்றே எழுதுங்கள். மீதி ஒன்பதில் என்ன இருந்தது என்றும் எழுதுங்கள். ‘எங்கள் வரைபடம் இந்தந்த இடத்தில் தவறும்’ என்று சொல்லும் மனுவை ஓரமாக ஒதுக்குவது கஷ்டம்.

கடைசியாக, படங்களின் முழுப்பெயரும் தேதியும், கியூஜிஐஎஸ் திட்டக் கோப்பு, செய்த படிகள் வரிசையாக, களப்புள்ளிகள், எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுக் கொடுங்கள். “இதை உங்கள் கணினியில் நீங்களே செய்து பாருங்கள், செலவு இல்லை, எங்கே பிசகு என்று காட்டுங்கள், திருத்திக்கொள்கிறோம்” என்று எழுதுங்கள். கட்டற்ற கருவியில் செய்ததால்தான் உங்களால் இப்படி எழுத முடியும். அதே விவரங்களை அவர்கள் வரைபடத்துக்கும் கேளுங்கள். நான் இரண்டு முறை இப்படிச் செய்திருக்கிறேன். ஒருமுறை அவர்கள் எல்லையைத் திருத்தினார்கள். இன்னொரு முறை பிழை எங்கள் பக்கம் இருந்தது, நாங்கள் திருத்தினோம்.

கேள்வி: அக்கா, நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஒரு சின்னக் குளம் இருக்கிறது. எந்த வரைபடத்திலும் அது இல்லை. நான் சேர்க்கலாமா?

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம், கண்ணு. அம்மா அப்பாவையோ ஆசிரியரையோ கூட வைத்துக்கொண்டு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கணக்கு தொடங்கு. அதிலேயே வரைய அனுமதியுள்ள வான்படம் வரும். உன் குளம் 30 மீட்டரைவிடச் சின்னதாக இருக்கும், அதனால்தான் லேண்ட்சாட் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. உனக்குத் தெரிகிறது. கரையை ஒருமுறை சுற்றி வா, ஆனால் தண்ணீர் ஓரத்துக்குத் தனியாகப் போகாதே. குளத்துக்குப் பெயர் இருக்கிறதா என்று அங்கே ரொம்ப நாளாக இருக்கும் பெரியவர்களிடம் கேள். ஆளுக்கு ஒரு பெயர் சொன்னால் எல்லாவற்றையும் எழுதிக்கொள்.

வெயில் காலத்தில் தண்ணீர் நிற்கிறதா, வற்றிவிடுகிறதா என்று குறிக்கவும் அதில் இடம் உண்டு. அதை மட்டும் இப்போது நிரப்பாதே. வெயில் காலத்தில் போய்ப் பார்த்துவிட்டு நிரப்பு. எந்த மாதம் பார்த்தாய் என்று எனக்கும் ஒரு கடிதம் எழுது.